குழந்தையின் கால் வளைந்திருக்கிறதா? முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் பெயர் வையுங்கள்

ஒரு குழந்தைக்கு வளைகால் என்று சொல்வதற்கு முன்னால் மூன்று விவரம் கையில் இருக்க வேண்டும். வயது என்ன? முழங்கால்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு? இரண்டு காலும் ஒரே அளவில் வளைந்திருக்கின்றனவா? இது தெரிந்து சொன்னால் மருத்துவருக்கு உதவும் தகவல். தெரியாமல் சொன்னால் வெறும் வம்பு.

நான் பிசியோதெரபிஸ்ட். திண்டுக்கல் பக்கம், குழந்தைகளும் வயதானவர்களும் கலந்து வருகிற ஒரு சிகிச்சைக் கூடத்தில் வேலை. கால் வளைவு என்று வருகிற தாய்மார்களின் பேச்சு பெரும்பாலும் "கல்யாண வீட்டில் சித்தி சொன்னார்", "பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்" என்றுதான் தொடங்கும். அம்மாவின் கண்ணுக்கு அதுவரை அந்தக் கால் கால்தான். யாரோ ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். இவருக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சித்தியும் படித்தால் நல்லது.

எந்தக் காலுக்கு எந்தச் சொல்

இரண்டு கணுக்கால்களையும் சேர்த்து வைத்து நிற்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று தொடாமல் வெளிப்பக்கமாக விலகி நின்றால் அது வளைகால். வில்கால் என்பவர்களும் உண்டு. கப்பைக்கால் என்பது பழைய சொல். இப்போது அகராதியில்தான் அதிகம் பார்க்க முடியும். மருத்துவர் சீட்டில் 'ஜெனு வேரம்' என்று எழுதியிருந்தால் அதுவும் இதுதான். புதிய நோய் ஒன்று வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிர் முட்டிக்கால். முழங்கால்கள் உரசிக்கொள்ளும், கணுக்கால்கள் விலகி நிற்கும். சீட்டில் அது 'ஜெனு வால்கம்'. வேரத்தையும் வால்கத்தையும் மாற்றிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. எனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவர் இதனால் தாளில் ஆங்கில எழுத்தான 'ஓ'வையோ 'எக்ஸ்'ஸையோ பெரிதாக வரைந்தே காட்டிவிடுவார். வளைகால் 'ஓ', முட்டிக்கால் 'எக்ஸ்'. குழப்பத்துக்கு இடமில்லை.

கவட்டுக்கால் வேறு விஷயம். காலை அகட்டி வைத்து நிற்பதையும் நடப்பதையும் அப்படிச் சொல்கிறோம். எலும்பு நேராக இருக்கிற குழந்தையும் நனைந்து கனத்த டயாப்பரோடு கவட்டித்தான் நடக்கும். நடை பழகும் குழந்தைகள் எல்லாமே விழாமல் இருக்க அகட்டித்தான் அடி வைக்கும். அதைப் பார்த்து எலும்பைப் பழிக்கக் கூடாது.

கோணல் பாதம் இன்னொன்று. இங்கே வளைவு முழங்காலில் இல்லை. பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் திரும்பி, உள்ளங்கால் எதிர்க் காலைப் பார்த்தபடி இருக்கும். இந்த வேறுபாட்டைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். முழங்கால் வளைவுக்கு "பொறுத்துப் பார்க்கலாம்" என்பது பல நேரம் சரியான பதில். கோணல் பாதத்துக்கு அதே பதில் பெரும் தவறு; பிறந்த முதல் சில வாரங்களிலேயே வாரந்தோறும் மாவுக்கட்டு போட்டுத் திருத்தத் தொடங்க வேண்டும். தொலைபேசியில் "பிள்ளைக்குக் கால் வளைந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால் கேட்கிறவருக்கு எது என்று தெரியாது. இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "முழங்காலில் வெளிப்பக்க வளைவு" அல்லது "பாதம் உள்ளே திரும்பியிருக்கிறது."

வயதைப் பார்க்காமல் காலைப் பார்க்காதீர்கள்

பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் கால் வளைந்துதான் இருக்கும். மாதக்கணக்கில் கருப்பைக்குள் மடங்கிக் கிடந்த கால்கள் வெளியே வந்த அன்றே நேராகிவிடாது. முதல் வயது முழுவதும் வளைவு தெரியும். எழுந்து நிற்கத் தொடங்கியதும் இன்னும் எடுப்பாகத் தெரியும். அதுவரை தூளியிலும் மடியிலும் கிடந்த காலை அப்போதுதான் நாம் நேருக்கு நேர் பார்க்கிறோம். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் கால் நேராகிறது.

நேரான கால் அதோடு நிற்காமல் எதிர்ப்பக்கம் போகும். மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் உரசும் முட்டிக்கால் ஆகும். பிறகு மெல்லத் திரும்பி, ஏழு வயதுவாக்கில் பெரியவர்களுக்கு இருப்பதுபோல லேசான உட்சாய்வில் நிலைக்கும். பின்லாந்தைச் சேர்ந்த சலேனியஸ், வான்கா என்ற இருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் முழங்கால் கோணத்தை அளந்து, இந்தப் போக்கை 1975இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார்கள். எலும்பு மருத்துவம் படிக்கிறவர்கள் இன்றும் அந்தக் கோட்டைத்தான் நோட்டில் வரைகிறார்கள்.

இதன் பலன் வீட்டில் எப்படித் தெரியும்? ஒரு பாட்டி இரண்டு பேரன்களை ஒன்றாகக் கூட்டி வந்தார். சின்னவனுக்குப் பத்து மாதம், நல்ல வளைகால். பெரியவனுக்கு நான்கு வயது, முட்டி இரண்டும் உரசுகிறது. "ஒருத்தனுக்கு வெளியே போகிறது, ஒருத்தனுக்கு உள்ளே போகிறது, என்ன ரத்தமோ இது" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். இரண்டு கால்களும் அந்தந்த வயதுக்கு உரிய கால்கள். பெரியவன் பத்து மாதத்தில் எடுத்த படத்தைத் தொலைபேசியில் தேடச் சொன்னேன். தம்பியின் காலே அதில் இருந்தது. பாட்டிக்குத் திருப்திதான், கொஞ்சம் ஏமாற்றமும் தெரிந்தது.

வீட்டில் அளப்பது எப்படி

கண்ணை நம்பாதீர்கள். சதைப்பிடிப்பான தொடை, கால் திரும்பியிருக்கும் விதம், டயாப்பர் எல்லாம் கண்ணை ஏமாற்றும்.

குழந்தை பால் குடித்து முடித்துச் சாந்தமாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். தரையில் பாய் விரித்து, டயாப்பரைக் கழற்றி, மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரண்டு முட்டிச் சில்லுகளின் நடுவிலும் கண்மையால் ஒரு பொட்டு வையுங்கள். வேலையே இந்தப் பொட்டில்தான் இருக்கிறது. குழந்தைகள் படுத்திருக்கும்போது தொடையை வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை லேசாக மடக்கித்தான் வைத்திருக்கும். அந்த நிலையில் நேரான காலும் வில்லாகத் தெரியும். பொட்டு சுவரைப் பார்த்தால் அளவு செல்லாது. இரண்டு பொட்டும் கூரையைப் பார்க்கும்படி தொடையோடு சேர்த்து மெதுவாகத் திருப்புங்கள். பிறகு முழங்காலை நீட்டி, உள்பக்கக் கணுக்கால் குமிழ்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் வரை சேருங்கள். தொட்டால் போதும், அழுத்த வேண்டாம். உதைக்கத் தொடங்கினால் விட்டுவிட்டு அப்புறம் வாருங்கள்.

ஒருவர் கணுக்காலைப் பிடித்திருக்க, இன்னொருவர் முழங்கால்களின் உள்பக்கங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். தையல் டேப் அந்தச் சந்தில் நெளியும், அளவு தப்பாகும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பட்டையாக வெட்டி, இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். இரு பக்கமும் தோலைத் தொட்டும் தள்ளாமலும் நிற்கும் அளவுக்கு நறுக்கிக்கொண்டே வந்து, அந்த அட்டையை ஸ்கேலில் வைத்து அளந்து கொள்ளுங்கள். அட்டையின் பின்னால் தேதியையும் வயதையும் எழுதிப் பத்திரப்படுத்தலாம். மூன்று மாதம் கழித்து வெட்டும் அட்டையை இதன்மேல் வைத்தால் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று படிக்காத பாட்டிக்கும் தெரியும்.

பெரிய குழந்தையென்றால் சுவரில் முதுகு சாய்த்து நிற்க வைத்து, முட்டிச் சில்லுகள் நேராக முன்னால் பார்க்க, அதே முறையில் அளக்கலாம். முட்டிக்காலுக்கு முழங்கால்களைச் சேர்த்து, கணுக்கால்களுக்கு நடுவே அளக்க வேண்டும்.

வளைகாலில் இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டினாலும், முட்டிக்காலில் 8 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த எண்கள் தீர்ப்பு அல்ல, வாசல் மணி. அதற்குக் கீழே இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். தினமும் அளந்தால் குழந்தைக்கும் எரிச்சல், உங்களுக்கும் பைத்தியம் பிடிக்கும்.

படம் எடுப்பதென்றால் தொலைபேசியைக் குழந்தையின் முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். ஆளுயரத்தில் நின்று கீழ்நோக்கி எடுத்த படத்தால் பயனில்லை. தரை ஓட்டின் ஒரே கோட்டில் ஒவ்வொரு முறையும் நிற்க வையுங்கள். நடப்பதையும் முன்னாலிருந்து சில நொடி வீடியோ எடுத்துக் கொள்ளுங்கள். மருத்துவமனையில் குழந்தை நடக்க மறுத்து அம்மாவின் தோளில் ஒட்டிக்கொள்ளும்போது அது கைகொடுக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

அளவு என்னவாக இருந்தாலும் சில அறிகுறிகள் இருந்தால் தாமதிக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வளைந்திருப்பது, அல்லது ஒன்று மற்றதைவிடத் தெளிவாக அதிகமாக இருப்பது. இரண்டு வயது முடிந்தும் வளைகால் நேராகாமல் இருப்பது. அதிலும் வளைவு கூடிக்கொண்டே போவது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால் வெளிப்பக்கமாக வெட்டி ஆடுவது. வலி, நொண்டல். ஒத்த வயதுப் பிள்ளைகளைவிடக் குழந்தை மிகவும் குட்டையாக இருப்பது. வீட்டில் வேறு யாருக்காவது பெரியவரான பிறகும் இதே கால் இருப்பது.

மருத்துவரிடம் என்ன சொல்வது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். "கால் சரியில்லை டாக்டர்" என்பது போதாது. "இரண்டு வயது மூன்று மாதம். இரண்டு காலிலும் வளைவு. ஒன்றரை வயதில் இடைவெளி 4 சென்டிமீட்டர், இப்போது 6. பதினொரு மாதத்தில் நடந்தான். பல் பதினான்காம் மாதம்தான் முளைத்தது. தாய்ப்பால் ஒன்றரை வயது வரை. வைட்டமின் சொட்டு மருந்து கொடுக்கவில்லை." இப்படி ஐந்து வரி எழுதியிருந்தால் பாதி விசாரணை முடிந்துவிட்டது.

அரசு வழியிலும் இதைப் பார்க்கிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் பரிசோதிக்கும் பட்டியலில் ரிக்கெட்ஸ் (சத்துக் குறைவால் எலும்பு கெட்டிப்படாமல் வளையும் நோய்), கோணல் பாதம் இரண்டும் உண்டு. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்து, அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். மேல் பரிசோதனை தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.

வெயில் காயும் ஊரில் ரிக்கெட்ஸா?

ஆம், இங்கேயும்தான். வைட்டமின் டியும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் போனால் வளரும் எலும்பு கெட்டிப்படாது. நடக்கும் குழந்தையின் எடை அந்த எலும்பை வளைக்கும். 1650இல் பிரான்சிஸ் கிளிசன் இங்கிலாந்தில் இந்த நோயைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஜெர்மானியர்கள் இதை 'ஆங்கில நோய்' என்றே அழைத்தார்கள். அங்கே புகையும் மேகமும் காரணம். 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிரைக் காட்டியே ரிக்கெட்ஸ் குழந்தைகளைத் தேற்றினார். நமக்கு அந்த விளக்கு தலைக்கு மேல் இலவசமாக எரிகிறது. குழந்தையோ அடுக்கு மாடி வீட்டின் நாலு சுவருக்குள் இருக்கிறது.

வெயில் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊறிப் போயிருக்கிறது. காலை ஏழு மணி இளவெயிலில் குழந்தையைக் காட்டினால் வைட்டமின் டி கிடைக்கும் என்று சொல்லாத வீடு இல்லை. சாய்ந்து வரும் அந்த வெயிலில் தேவையான கதிர் மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதுவும் இல்லை, கண்ணாடி தடுத்துவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் பயன்படும். ஓடி விளையாடும் வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் கையும் காலும் வெளியே தெரியக் கொஞ்ச நேரம் முற்றத்தில் விளையாடினால் நல்லது. கைக்குழந்தையை உச்சி வெயிலில் கிடத்தச் சொல்லவில்லை. அதற்குத்தான் சொட்டு மருந்து இருக்கிறது. முதல் வயது முடியும் வரை நாளொன்றுக்கு 400 யூனிட் வைட்டமின் டி என்பது குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது என்று அதை நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் குறைவாக இருக்கும் ஒரு சத்து இது.

ரிக்கெட்ஸ் என்றால் கால் மட்டும் பேசாது. மணிக்கட்டு தடித்திருக்கும், வளையல் போட்ட இடம் இரட்டை எலும்பாகத் தெரியும். விலா எலும்புகளின் நுனியில் மணி கோத்ததுபோல முடிச்சுகள் தட்டுப்படும். உச்சிக்குழி மூடத் தாமதமாகும், பல் தாமதமாகும், நெற்றி புடைக்கும். மருத்துவர் மணிக்கட்டையோ முழங்காலையோ எக்ஸ்ரே எடுத்து, ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் பார்ப்பார். மருந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு எலும்பு கெட்டிப்பட்டு, வளர வளர வளைவும் குறையும்.

மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. 60,000 யூனிட் வைட்டமின் டி பொடி சிறு பொட்டலமாகக் கடையில் கிடைக்கிறது. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்றாகக் கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாகச் சிறுநீரகம் வரை பாதிக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் சீட்டைக் காட்டி வாங்கிக் கொடுக்கவே கூடாது. சாப்பாட்டில் கவனம் வைக்கலாம், அதில் ஆபத்தில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் எல்லாம் நல்லது.

செய்ய வேண்டாதவை

எண்ணெய் தேய்த்து நீவினால் கால் நேராகும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. எண்ணெய் தேய்ப்பதை நான் தடுப்பதில்லை. குழந்தை நன்றாகத் தூங்கும், பாட்டிக்கும் பேரனுக்கும் பேச்சு நடக்கும். எலும்பு அதனால் ஒரு நூல்கூட நிமிராது. பதினோராம் மாதத்திலிருந்து தேய்த்து இரண்டு வயதில் நேரானால் பெயர் எண்ணெய்க்குப் போகிறது. தேய்க்காத குழந்தைக்கும் அதே வயதில் நேராகியிருக்கும். அழுத்தி முறுக்கி இழுப்பது மட்டும் கூடவே கூடாது, ரிக்கெட்ஸில் மெலிந்த எலும்பு முறிந்துவிடும்.

இரண்டு காலையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கமும் இருக்கிறது. அது முழங்காலைத் திருத்தாது, இடுப்பு மூட்டைக் கெடுக்கும். கைக்குழந்தையின் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காரக் கால் அகன்று மடங்கியிருக்க வேண்டும். அந்த வகையில், இடுப்பில் கால் அகட்டி உட்கார வைத்துத் தூக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம். "இடுப்பில் தூக்கித் தூக்கித்தான் கால் வளைந்தது" என்று வேலைக்குப் போகும் தாயையோ பார்த்துக்கொள்ளும் அத்தையையோ குற்றம் சொல்வதை இன்றோடு விடலாம். டயாப்பராலும் கால் வளையாது.

விசேஷ பூட்ஸ், உள்ளே வைக்கும் மெத்தை, விளம்பரத்தில் வரும் கால் பட்டை எதுவும் சாதாரண வளைகாலுக்குத் தேவையில்லை. சக்கரம் வைத்த வாக்கர் வேண்டாம். அது காலை வளைக்கிறது என்பதற்காக அல்ல, படியில் உருண்டு விழும் என்பதற்காக. மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி வேறு. தன் காலில் நின்று தள்ளிக்கொண்டு போகிற அதைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

வளைகால் வேறு எதுவாக இருக்கலாம்

ப்ளவுன்ட் நோய் என்று ஒன்று உண்டு. அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் ப்ளவுன்ட் 1937இல் விவரித்தது. எலும்பு நீள்வது அதன் முனைக்கு அருகே உள்ள வளர்ச்சித் தட்டில்தான். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பில் அந்தத் தட்டின் உள்பக்கம் மட்டும் சோர்ந்துபோய், வெளிப்பக்கம் வளர்ந்துகொண்டே இருப்பதால் கால் வளைகிறது. எடை கூடிய, சீக்கிரம் நடந்த குழந்தைகளிடம் அதிகம். இரண்டு வயதைத் தாண்டியும் வளைவு கூடினால் எக்ஸ்ரேயில் இதைத்தான் தேடுவார்கள். மூன்று வயதுக்குள் என்றால் சில குழந்தைகளுக்குப் பட்டை போட்டுப் பார்க்கலாம். தள்ளிப்போட்டால் அறுவை சிகிச்சைதான்.

வைட்டமின் டி எவ்வளவு கொடுத்தும் தேறாத ரிக்கெட்ஸும் இருக்கிறது. சிறுநீரகம் பாஸ்பரஸைப் பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடும் பரம்பரைக் கோளாறு அது. "மாமாவுக்கும் இதே கால்" என்ற ஒரு வரி அந்தக் குழந்தையைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும்.

தண்ணீரையும் கேளுங்கள். குடிநீரில் ஃபுளோரைடு கூடினால் எலும்பு கெடும். ஆந்திரத்தில் அப்போது இருந்த நல்கொண்டா மாவட்டத்துப் பிள்ளைகளின் முட்டிக்காலைப் பற்றி ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1973இல் எழுதியது இன்றும் மேற்கோளாக வருகிறது. நம் பக்கத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இந்தத் தொல்லை இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

அறுவை சிகிச்சை என்றால் எலும்பை வெட்டுவது என்று நினைத்துப் பலர் ஓடிவிடுகிறார்கள். வளரும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் சின்ன வேலை. வளைகாலில் முழங்காலின் வெளிப்பக்க வளர்ச்சித் தட்டின் குறுக்கே இரண்டு திருகு போட்ட ஒரு சிறு உலோகத் தகடு வைப்பார்கள். அந்தப் பக்கம் வளர்ச்சி நிற்கும், உள்பக்கம் தொடர்ந்து வளரும், கால் தானே நிமிரும். நேரானதும் தகட்டை எடுத்துவிடுவார்கள். வளர்ச்சி மிச்சமிருந்தால் மட்டுமே இது பலிக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதுவாக்கிலும் ஆண் பிள்ளைகளுக்குப் பதினாறு வயதுவாக்கிலும் அந்தக் கதவு மூடிவிடும். கல்யாணப் பேச்சு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மகளைக் காக்க வைத்தவர்களுக்கு அப்புறம் எலும்பை வெட்டித் திருத்தும் வழிதான் மிச்சம்.

ஆளைக் கூப்பிடும்போது

வளைகால் என்பது காலுக்குப் பெயர். அதோடு ஒரு 'அன்' சேர்த்து 'வளைகாலன்' என்றால் அது ஆளுக்குப் பெயராகிவிடுகிறது. ஊரில் ஒட்டிய பட்டப்பெயர் பேரப்பிள்ளை காலம் வரை போகும். "வளைகாலன் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும்" என்று வழி கேட்கிற ஊர்கள் இன்னும் உண்டு. எழுதும்போதும் பேசும்போதும் "அவனுக்குக் கால் சற்று வளைந்திருக்கிறது" என்று வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள், அதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இருந்தால். பள்ளியில் ஆசிரியரிடம் சொல்ல வேண்டுமென்றால் தனியாகச் சொல்லுங்கள். "ஓடலாம், விளையாடலாம், வலி என்று சொன்னால் மட்டும் உட்கார வையுங்கள்" என்பது வரை சொன்னால் போதும். பயந்துபோய் விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார வைக்கிறவர்கள்தான் அதிகம்; வளைந்த காலோடு நன்றாகப் பந்து விளையாடுகிற பையன்களை எந்த மைதானத்திலும் பார்க்கலாம்.

வீட்டுப் பெரியவர்களின் கால்

பாட்டியின் கால் வளைவது வேறு கதை. இளவயதில் நேராக இருந்த கால் ஐம்பது, அறுபதுக்கு மேல் வளைகிறது என்றால் முழங்கால் மூட்டின் உள்பக்கக் குருத்தெலும்பு தேய்ந்துகொண்டிருக்கிறது. தேயத் தேயக் கால் வெளியே வளையும். வளைய வளைய எடை உள்பக்கத்திலேயே விழுந்து இன்னும் தேயும். எண்ணெய் இங்கேயும் வலிக்குக் கொஞ்சம் இதம், அவ்வளவுதான்.

தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்துவதுதான் முதல் வேலை. நாற்காலியில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, குதிகாலைத் தூக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். டிவி பார்த்தபடியே செய்யலாம். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலும் முழங்காலுக்குத் தெரியும். தரையில் சம்மணமும் குத்தவைத்தலும் வலியைக் கூட்டினால் உயரமான மணைக்கும் மேற்கத்தியக் கழிப்பறைக்கும் மாறிக்கொள்ளுங்கள். இன்னும் வேலைக்குப் போகிற வயதில் உள்பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு எலும்பை வெட்டிக் கோணத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. முற்றிலும் தேய்ந்தவர்களுக்கு மூட்டு மாற்று.

கைத்தடி என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். வாங்கியவர்களும் வலிக்கிற கால் பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலோடு சேர்ந்து தடியும் முன்னால் போக வேண்டும். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் பிடி இருக்க வேண்டிய உயரம். நீளமாக இருந்தால் கடைக்காரரிடமே அறுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அடியில் ரப்பர் குப்பி இருக்கிறதா என்றும் பாருங்கள்.